டிரெய்லர் பிரேக்: கையால் டைட் வைத்தே ஓட்டுவதா, ஆட்டோ ஸ்லாக் போடுவதா, டிஸ்க்குக்கு மாறுவதா?

பாலக்காடு-திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கம் தாண்டி பட்டிக்காடு பக்கம் இறங்கும்போது என் டிரெய்லரின் இடதுபக்க நடுச் சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. பின்னால் வந்த பஸ்காரர் லைட் போட்டு, ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து கையைக் காட்டிய பிறகுதான் வண்டி ஓட்டிய தம்பிக்கே தெரிந்தது. மேலே இருந்தது கோவையிலிருந்து கொச்சி வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகிற 20 அடி கன்டெய்னர் பெட்டி, உள்ளே வார்ப்பட இரும்பு, நல்ல கனம். சுரங்கத்துக்குள்ளேயே தீப்பிடித்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் நாலு மாதத்தில் இரண்டு தடவை லைனர் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் உரசி நிறுத்துவது) மாற்றியிருந்தேன். இரண்டாவது தடவை டிரம்மும் புதுசு. பட்டறையில் ஒவ்வொரு தடவையும் "இந்தச் சக்கரம்தானுங்க கெட்டது" என்று சொல்லி அதையே கழற்றி மாட்டினார்கள், நானும் அதையே நம்பிப் பணம் கொடுத்தேன். மூன்றாவது தடவை கஞ்சிக்கோட்டில் வயதான மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. வண்டியைச் சாலையில் நாலைந்து தடவை பிரேக் போட்டு ஓட்டிவரச் சொன்னார், வந்து நின்றதும் ஆறு டிரம்முக்குப் பக்கத்திலும் புறங்கையைக் காட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். "புகையுற சக்கரம் நல்ல சக்கரம். மத்த அஞ்சும் தூங்குது. இது ஒண்ணுதான் மொத்த வண்டியையும் பிடிக்குது, அதான் எரியுது" என்றார்.

இதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது. கே.ஜி. சாவடி, நவக்கரை, எட்டிமடை, வேலந்தாவளம், கஞ்சிக்கோடு என்று தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றிரண்டு டிரெய்லர் வைத்து ஓட்டுகிற நம்மாட்கள் எல்லோரும் "ஆட்டோ ஸ்லாக் போடலாமா, டிஸ்க் ஆக்சில் வாங்கலாமா" என்றுதான் கேட்கிறார்கள். ஸ்லாக் என்பது பூஸ்டர் ராடை கேம் ஷாஃப்ட்டோடு இணைத்து, லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளியைச் சரிவைக்கும் கை. பிரேக் மிதித்தால் காற்று பூஸ்டருக்குள் போய் ராடைத் தள்ளும், ராடு ஸ்லாக்கைத் திருப்பும், கேம் சுற்றி லைனரை டிரம்மில் அழுத்தும். எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் அந்தப் பணம் லைனர் புகையோடு போய்விடும். என்னுடையது போனது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? சூட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இப்போது சூடு பார்க்கும் கன் கடையிலேயே கிடைக்கிறது, கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஓடி வந்து நின்றதும் ஆறு டிரம்மையும் அளந்து சுண்ணக்கட்டியால் டயர் மேலேயே எழுதுங்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் ரொம்பச் சூடாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அந்தச் சக்கரம் பிரேக்கை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு, மற்றவை பிடிக்காததால் அது அதிகமாக உழைக்கிறது. ஜாக்கி போட்டு, பிரேக்கை ரிலீஸ் செய்து, கையால் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். லேசாகச் சுற்றினால் குற்றம் அந்தச் சக்கரத்தில் இல்லை, மற்றவற்றைப் போய்ப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், கேம் ஷாஃப்ட் புஷ்ஷில் துரு ஏறி ஒட்டியிருக்கலாம், யாரோ ஸ்லாக்கை அளவுக்கு மேல் டைட் வைத்திருக்கலாம், காற்று போனால் ஸ்பிரிங்கால் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் பூஸ்டர் முழுசாக விடாமல் இருக்கலாம்.

ஆறும் ஒரேயடியாகப் பிடித்து நின்றால் சக்கரத்தைக் கழற்றவே கழற்றாதீர்கள். அது காற்று விவகாரம். டிரெய்லர் டேங்குக்குக் காற்று கொடுக்கும் சிவப்பு ஹோஸில் காற்று ஒழுங்காக வருகிறதா, பிரேக் மிதித்ததைச் சொல்லும் மஞ்சள் ஹோஸும் சிவப்பு ஹோஸும் இடம் மாறியிருக்கிறதா, டேங்க் காற்றைப் பூஸ்டர்களுக்கு விடும் ரிலே வால்வின் வெளிவாய் சேற்றில் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தக் கடைசிக் காரணத்தை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ரிலே வால்விலிருந்து 'ஸ்ஸ்' என்று காற்று போய்க்கொண்டே இருந்தால் உடனே வால்வை மாற்றச் சொல்வார்கள், அதில் பாதி வீண்செலவு. பிரேக்கை விட்டிருக்கும்போது சத்தம் கேட்டு, டிரெய்லரின் ஸ்பிரிங் பிரேக்கைப் போட்டதும் சத்தம் நின்றுவிட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு டபுள் பூஸ்டருக்குள் (மிதி பிரேக்குக்கான சர்வீஸ் பக்கமும் ஸ்பிரிங் பக்கமும் ஒன்றாகச் சேர்ந்தது) நடுவில் இருக்கும் சீல் போயிருக்கிறது. ஸ்பிரிங் பக்கக் காற்று சர்வீஸ் பக்கம் கசிந்து, ஹோஸ் வழியாகத் திரும்பி வந்து, வால்வு வாயால் வெளியேறுகிறது. வால்வு பாவம், வழி மட்டும்தான் விடுகிறது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் பூஸ்டரிலேயே சத்தம் வந்தால் சர்வீஸ் டயஃப்ரம் கிழிந்திருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை. ஆனால் ஸ்பிரிங் இருக்கிற பக்கத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது, அதற்குள் அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் ஒரு தடவை விடுபட்டால் மனிதரைக் கொன்றுவிடும். கேஜ் போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை அடக்கிவிட்டு, முழு பூஸ்டராகக் கழற்றி முழு பூஸ்டராக மாட்டுவதுதான் முறை. இதில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அடுத்தது ஸ்ட்ரோக், அதாவது பிரேக் மிதிக்கும்போது பூஸ்டர் ராடு நீளும் தூரம். எனக்கு உண்மையைக் காட்டிக் கொடுத்தது இதுதான். சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை விட்டு, பூஸ்டர் ராடு வெளியே வருகிற இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. ஒருவர் மேலே உட்கார்ந்து சுமார் ஆறு கிலோ காற்றில் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, கீழே இருக்கிறவர் கோடு எவ்வளவு தள்ளி வந்தது என்று டேப்பில் அளக்க வேண்டும். சாதாரண 30 நம்பர் பூஸ்டருக்கு 2 அங்குலம் வரைதான் தாங்கும் அளவு, 24 நம்பருக்கு ஒன்றேமுக்கால். அதைத் தாண்டினால் ராடு பூஸ்டரின் கடைசி முனைக்குப் போய் முட்டப் போகிறது, டிரம்மைத் தள்ளுவதற்குப் பலமே மிஞ்சாது. என் வண்டியில் புகைந்த சக்கரம் ஒன்றரை அங்குலம். மற்ற ஐந்தும் இரண்டேகாலும் அதற்கு மேலும். தட்டையான சாலையில் அந்த ஐந்தும் கொஞ்சமாவது பிடித்துக்கொண்டிருந்திருக்கும். ஆனால் இறக்கத்தில் டிரம் சூடாகும்போது விரிகிறது, பதினாறரை அங்குல இரும்பு டிரம் 300 டிகிரி கூடினால் விட்டம் கிட்டத்தட்ட 1.4 மி.மீ. பெரிதாகும். லைனரிலிருந்து டிரம் விலகிப் போகப் போக ராடு இன்னும் நீள வேண்டியிருக்கிறது, நீள இடமில்லை. மேட்டில் நன்றாகப் பிடித்த பிரேக் இறக்கத்தின் பாதியில் காணாமல் போவது இப்படித்தான்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன்.

முதல் வழி, கையால் டைட் வைக்கும் சாதா ஸ்லாக்கையே வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பராமரிப்பது. இதைக் கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை. விலை குறைவு, நடுராத்திரியில் வடக்கஞ்சேரியிலும் கிடைக்கும், உள்ளே கெடுவதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. பிரேக்கை விட்டு, பூட்டுக் காலரை அமுக்கி, போல்ட்டைத் திருப்பி லைனர் டிரம்மில் படும் வரை கொண்டுபோய், கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று திருப்பி விடுவது, பிறகு ஸ்ட்ரோக்கை அளப்பது. தெரிந்த ஆள் ஆறு சக்கரத்தையும் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். திருப்பும்போது கேம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும், தலைகீழாகத் திருப்பி பிரேக்கைத் தளர்த்திவிட்டு 'டைட் வைத்தேன்' என்று போனவர்களும் உண்டு.

ஆனால் இந்த வழி ஒரு பழக்கத்தை நம்பி இருந்தது, அந்தப் பழக்கம் இப்போது இல்லை. முன்பெல்லாம் வாளையார் செக்போஸ்ட்டில் வண்டிகள் மணிக்கணக்கில், சில நாள் ஒரு ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் டிரைவர்கள் சமைப்பார்கள், தூங்குவார்கள், கீழே படுத்து ஸ்லாக் டைட் வைப்பார்கள், காற்று டேங்கில் தண்ணீரைத் திறந்து விடுவார்கள். கேரளத்துக்குள் நுழைகிற முன் பிரேக் பார்ப்பது அந்த வரிசையோடு சேர்ந்தே வந்த வேலை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வரி செக்போஸ்ட் போனதும் வரிசையும் போனது, அது எல்லோருக்கும் பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரத்தை நாம் வேறு எங்கேயும் எடுத்து வைக்கவில்லை. இப்போது வண்டி மதுக்கரையில் ஏறினால் நேரே மண்ணுத்தி. என் ஐந்து சக்கரமும் தூங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே சாதா ஸ்லாக் வைத்திருப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு தடவை கீழே படுக்க ஆள் இருக்கிறதா? சொந்தமாக ஓட்டுகிறவர், வீட்டு வாசலில் வண்டி நிறுத்துகிறவர், இருக்கிறது என்று சொல்லலாம். டிரைவரை மாற்றி மாற்றிப் போடுகிற என் மாதிரி ஆள் சொல்ல முடியாது.

இரண்டாவது வழி ஆட்டோ ஸ்லாக். லைனர் தேயத் தேய தானே இடைவெளியைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் காற்று பிரேக் உள்ள வண்டிகளுக்கு 1994 அக்டோபரிலிருந்தே இது கட்டாயம். சாதா ஸ்லாக்கைவிட விலை பல மடங்கு, அதுவும் ஆறு வாங்க வேண்டும். ஒரே ஆக்சிலில் இடது பக்கம் ஆட்டோ, வலது பக்கம் சாதா என்று போடவே கூடாது, இரண்டு கம்பெனியின் ஆட்டோ ஸ்லாக்கைக்கூட ஒரே ஆக்சிலில் கலக்கக் கூடாது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

இதில் நம்மாட்கள் செய்கிற பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. தேய்ந்த கேம் புஷ், ஆடுகிற கேம் ஷாஃப்ட், பள்ளம் விழுந்த ரோலர் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஸ்லாக்கை மட்டும் புதிதாக மாட்டுவது. ஷாஃப்ட் ஆடுவதால் ராடு அதிகம் நீளும், அதை லைனர் தேய்மானம் என்று நினைத்து ஆட்டோ ஸ்லாக் மேலும் மேலும் இறுக்கும், கடைசியில் சக்கரம் பிடித்துப் புகையும். உடனே "ஆட்டோ ஸ்லாக் நம்ம ரோட்டுக்கு ஆகாதுங்க" என்று கழற்றி எறிவார்கள். எடை கூடுதலாகக் காட்டுகிற தராசைக் கொடுத்துவிட்டு கணக்குப்பிள்ளையைத் திட்டுகிற கதை அது. புஷ், சீல், ரோலர், ரிட்டர்ன் ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து மாற்றினால்தான் ஆட்டோ ஸ்லாக் போட்டதற்கு அர்த்தம், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது ராடு முனையின் கோணத்தை கம்பெனி கொடுக்கும் அளவுத்தகட்டை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும், கண்மதிப்பில் செய்யக் கூடாது. மாட்டி முடித்ததும் நல்ல காற்றோடு ஏழெட்டுத் தடவை முழுசாக மிதித்து விட்டால் தன் இடத்துக்கு வந்து உட்காரும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஆட்டோ ஸ்லாக்கின் ஸ்ட்ரோக் அளவு தாண்டிவிட்டால் ஸ்பானர் போட்டுக் கையால் டைட் வைத்து அனுப்புவது வைத்தியமே இல்லை. தானே இறுக்கிக்கொள்ள வேண்டியது இறுக்கிக்கொள்ளவில்லை என்றால் அதுவோ, அதைச் சுற்றி வேறு எதுவோ கெட்டிருக்கிறது. கையால் இறுக்கினால் அன்றைக்கு அளவு சரியாகக் காட்டும், பத்து நாளில் மறுபடி தளர்ந்துவிடும், நடுவில் டிரைவர் பிரேக் சரியாக இருக்கிறது என்று நம்பி இறக்கத்தில் இறங்குவார். 2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு டிப்பர் பிரேக் பிடிக்காமல் கார்கள் மீது மோதிய விபத்தை விசாரித்த அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதே பழக்கத்தைத்தான் ஆபத்து என்று சுட்டிக் காட்டியது. அங்கே மட்டுமல்ல, நம் பட்டறைகளிலும் தினமும் நடக்கிற விஷயம் இது.

மூன்றாவது வழி டிஸ்க், அதாவது டிரம்முக்குப் பதிலாகச் சுற்றும் தகட்டை இரண்டு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கும் பிரேக். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுதான் உசத்தி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. டிரம் சூடானால் லைனரைவிட்டு விலகும் என்றேன் அல்லவா, டிஸ்க் சூடானால் தடிமன் கூடி பேடு பக்கம்தான் வரும். அதனால் நீண்ட இறக்கத்தில் பிடி குறைவது ரொம்பக் கம்மி. ஜூன், ஜூலையில் வாளையார் கணவாய் வழியாக அடிக்கிற மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் இரண்டு மிதி வழுக்கும், டிஸ்க் தண்ணீரைச் சட்டென்று உதறிவிடும். பேடு மாற்றுவதும் லைனர் மாற்றுவதைவிடச் சீக்கிரம்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற பழைய டிரெய்லருக்கு இதைப் போடுவது என் கணக்கில் சரிப்படவில்லை. ஆக்சிலோடுதான் மாற்ற வேண்டும், பழைய டியூப் டயர் ரிம்முக்குள் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் உட்காருமா என்று அளந்து பார்க்க வேண்டும், உட்காராவிட்டால் ரிம்மும் டயரும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்வண்டியில் டிரம், டிரெய்லரில் டிஸ்க் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு பிடிக்கும்படி வால்வை ஒத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ ஒன்றுதான் எப்போதும் தேயும். காலிப்பர் நகர்கிற பின்னில் சேறும் தண்ணீரும் போய் ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்து தகட்டில் உரசும், அது வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அப்புறம் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பதிவில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது, டிரெய்லருக்கும் தனிப் பதிவுதான், ஆக்சிலையே மாற்றப் போகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. புதிதாக டிரெய்லர் கட்டுகிறவர், முன்வண்டியும் டிஸ்க்காக இருக்கிறவர், கொச்சி லைனில் தினம் ஓடுகிறவர், இவர்களுக்கு நான் தயங்காமல் டிஸ்க் என்பேன்.

இதற்கு நடுவே இளவட்டங்கள் சிலர் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள், அமெரிக்க வீடியோக்களில் பார்க்கிற நகரும் ஆக்சில் நமக்கு ஆகுமா என்று. அங்கே 53 அடி டிரெய்லரின் பின்னால் இரண்டு ஆக்சிலும் ஒரு சட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அந்தச் சட்டம் டிரெய்லருக்கு அடியில் தண்டவாளம் மாதிரி முன்னும் பின்னும் நகரும், நாலு பின் போட்டுப் பூட்டி வைப்பார்கள். அந்த இரட்டை ஆக்சிலுக்கு 34,000 பவுண்டு, மொத்தத்துக்கு 80,000 பவுண்டு என்று அங்கே கண்டிப்பு, அதனால் பாரம் ஏற்றி எடை போட்ட பிறகு ஆக்சிலை நகர்த்தி எடையைச் சரிசெய்கிறார்கள். ஆனால் நகர்த்துவதற்கே பிரேக் நன்றாக இருக்க வேண்டும் என்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. டிரெய்லர் பிரேக்கைப் போட்டு சக்கரங்களை நிறுத்திவிட்டு, பின்னைக் கழற்றி, முன்வண்டியால் டிரெய்லரை முன்னே இழுத்தோ பின்னே தள்ளியோதான் நகர்த்துகிறார்கள். பிரேக் பிடிக்காவிட்டால் ஆக்சிலும் கூடவே உருண்டு வரும், ஒரு அங்குலம்கூட நகராது. பின் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது, ஒரு பின் மட்டும் ஓட்டையில் சரியாக விழாமல் நிற்பது, நகர்த்திய பிறகு ஏர் ஹோஸ் இழுபட்டோ தொங்கியோ உரசுவது, இவைதான் அங்கே வழக்கமான தொல்லைகள். பூட்டியதாக நினைத்து ஓட்டி, ஓங்கிப் பிரேக் போடும்போது சட்டமே பின்னால் போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் பூட்டிய பிறகு பிரேக்கோடு லேசாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து, கீழே இறங்கி நாலு பின்னையும் கண்ணால் பார்க்கிறார்கள்.

நம் மூன்று ஆக்சில் டிரெய்லருக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். 2018 ஜூலை அறிவிப்புக்குப் பிறகு மூன்று ஆக்சிலுக்குச் சேர்த்து 27 டன், மொத்த வண்டிக்கு அதிகபட்சம் 55 டன். அங்கே அவர்கள் ஆக்சிலை நகர்த்தி செய்கிறதை நாம் பாரத்தை நகர்த்தியே செய்யலாம். 40 அடி டிரெய்லரில் 20 அடிப் பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி பிரேக் பிரச்சினை அடங்கியிருக்கிறது. டிரெய்லரை முன்வண்டியோடு இணைக்கும் கிங்பின்னிலிருந்து மூன்று ஆக்சிலின் நடு வரை 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 டன் பெட்டியை ஒரு மீட்டர் முன்னே தள்ளினால் இரண்டரை டன் பின் ஆக்சில்களிலிருந்து முன்வண்டிக்குப் போகும். பெட்டியை இறக்கி வைக்க வசதி என்று எப்போதும் வாலிலேயே வைத்தால் முன்வண்டி லேசாகி மழையில் சக்கரம் வழுக்கும், பின் ஆக்சில்கள் கூடுதல் சுமையோடு பிரேக்கில் வேகும்.

நகரக் கூடாத நம் ஆக்சில் தானாக நகர்ந்துவிடுவது வேறு விஷயம், அதைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். ஆக்சிலைப் பட்டை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்தாலோ, யு போல்ட் தளர்ந்தாலோ, ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் டார்க் ராடு புஷ் கரைந்தாலோ ஆக்சில் ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னுமாகத் தள்ளிப் போகும். டிரெய்லர் நண்டு மாதிரி ஓடும், நேர் ரோட்டிலேயே ஒரு பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் உடம்பு அதிகம் தெரியும், டயர் ஓரம் சீவிவிட்டது போலத் தேயும். டயர் சூடாவதைப் பார்த்து பிரேக் பிடிக்கிறது என்று லைனரைக் கழற்றுவார்கள். டயர் கொதித்து டிரம் சாதாரணமாக இருந்தால் அது ஆக்சில் கோளாறு அல்லது காற்று குறைவு, பிரேக் கோளாறு அல்ல. கிங்பின்னிலிருந்து முதல் ஆக்சிலின் இரண்டு முனைக்கும் டேப் பிடித்துப் பாருங்கள், இரண்டுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அடுத்தடுத்த ஆக்சில்களுக்கு முதல் ஆக்சிலிலிருந்து இடமும் வலமும் ஒன்றரை மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங்குகளுக்கு நடுவே பாரத்தைப் பங்கிடும் பேலன்ஸரின் புஷ்ஷையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், அது சிக்கிக்கொண்டால் ஒரு ஆக்சில் பாரமில்லாமல் மிதக்கும், பிரேக் மிதித்ததும் அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டு டயரில் தட்டை விழும், மற்ற இரண்டும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்து சூடாகும். இதற்கு எந்த ஸ்லாக்கை மாற்றியும் பயனில்லை.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய டிரெய்லருக்கு ஆறு கேம் ஷாஃப்ட்டுக்கும் புஷ், சீல், ரோலர், ஸ்பிரிங் மாற்றி, அளவு தாண்டியிருந்த இரண்டு டிரம்மைத் தூக்கிப் போட்டு, ஒரே கம்பெனி ஆட்டோ ஸ்லாக் ஆறும் போட்டேன். டிரம்மைப் பொறுத்தவரை, பதினாறரை அங்குல டிரம் 3 மி.மீ. விட்டம் கூடிவிட்டால் கடைசல் பிடித்து ஓட்டாதீர்கள், லைனர் நடுவில் மட்டும்தான் படும். இரண்டு பூஸ்டரும் மாற்ற வேண்டி வந்தது. வண்டி ஐந்து நாள் நின்றது. அந்த ஐந்து நாள் வாடகை போனதையும் சேர்த்தால் செலவு கனமாகத்தான் இருந்தது, மனைவியிடம் சொல்லவே இரண்டு நாள் தயங்கினேன். ஆனால் ஒரே சக்கரத்துக்கு இரண்டு தடவை கொட்டியதைக் கூட்டிப் பார்த்தால், இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இரண்டாவது டிரெய்லர் உள்ளூர் ஓட்டம், கஞ்சிக்கோட்டுக்கும் கோவைக்கும் நடுவே மட்டும் போகிறது, இறக்கம் கிடையாது, ராத்திரி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அதற்கு சாதா ஸ்லாக்கையே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கீழே படுத்து டைட் வைக்கிறேன், பையன் மேலே உட்கார்ந்து பிரேக் மிதிக்கிறான். ஸ்ட்ரோக்கை ஒரு பழைய நோட்டில் எழுதி வைக்கிறோம். போன வாரம் வலது பின் சக்கரம் ஒன்றேமுக்கால், மற்றதெல்லாம் ஒன்றரைக்குக் கீழே. அதன் புஷ்ஷில் ஆட்டம் ஆரம்பித்திருக்கிறது, வரும் வெள்ளிக்கிழமை பாரம் இறக்கியதும் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.